ஈறு தாங்கும் பற்கள்

காலையில் பல் துலக்கி வாய் கொப்பளிக்கும்போது உமிழ்நீரோடு சிறிது இரத்தமும் கலந்து வருவதைக் கண்டவர்கள் நம்மிடையே மிகப் பலர். அதைக் கண்டு கவலை கொண்டவர்கள் சிலர். அது ஒரு வியாதியின் முதல் அறிகுறி என்று உணர்ந்து மருத்துவரை நாடியவர்களோ மிகச் சிலர். பிரஷ் முரடாக இருந்திருக்கும், அல்லது கை சற்று அழுந்தியிருக்கும் என்று தமக்குத் தாமே சமாதானம் சொல்லிக்கொண்டு, இரத்தம் வந்த இடத்தை மறுநாள் முதல் தொடாமல் விட்டுவிடுவதே பெரும்பாலோருடைய வழக்கம். நடுவயதைக் கடந்தபின் ஒன்றன்பின் ஒன்றாக ஆடி விழும் பற்களில் பலவற்றை நாம் இந்தச் சமாதானத்துக்கே பலி கொடுக்கிறோம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். அதற்கு விஞ்ஞானம் தரும் ஆதாரங்கள் யாவை, அவற்றுள் தலையாயது தமிழ்த் தொழிலாளர்களின் வாயிலிருந்தே எவ்வாறு கிடைத்தது என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

மனிதரின் பற்களைப் பெருவாரியாகக் கொள்ளை கொள்ளும் நோய்கள் இரண்டு: ஒன்று சொத்தை, மற்றொன்று ஈறு நோய். சொத்தை விழுந்த பல், கேடு உள்ளே நரம்பை எட்டியவுடன், இரவு உறக்கத்தைக் கெடுத்து, கன்னத்தை வீங்கச் செய்து, எத்தகைய அலட்சியக்காரரையும் மருத்துவரின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திவிடும். ஈறு நோய்க்கு அந்தக் குணம் இல்லை. பத்து ஆண்டுகள், பதினைந்து ஆண்டுகள் அது பல்லைத் தாங்கும் எலும்பை மெல்ல மெல்லக் கரைத்துக்கொண்டிருந்தாலும் உரியவருக்கு வலி என்பதே தெரியாமல் போகலாம். முறுக்கைக் கடிக்கவோ கரும்பைப் பிளக்கவோ முயலும்போது பல் ஆடுவது தெரிந்த பிறகுதான் அவர் திடுக்கிடுகிறார். வலி இல்லாவிட்டால் நோயும் இல்லை என்று நினைத்துவிடும் நம் இயல்பே இந்த வியாதிக்குப் பெருந்துணையாக அமைந்துவிடுகிறது.

பல் தாடையில் எவ்வாறு நிற்கிறது என்பதை முதலில் பார்ப்போம். வெளியே தெரியும் பகுதியை எனாமல் மூடியிருக்கிறது. எடையில் நூற்றுக்கு 96 பங்கு தாதுப்பொருளாலான இந்த மேலுறை, மனித சரீரத்திலுள்ள பொருள்கள் யாவற்றிலும் கடினமானது. ஆனால் அதில் உயிரணு எதுவும் இல்லை. ஆகையால் ஒருமுறை குழி விழுந்துவிட்டால் அது தானாக வளர்ந்து மூடிக்கொள்வதும் இல்லை. ஈறுகளுக்குள் மறைந்திருக்கும் வேரோ எலும்போடு ஒட்டிப் பதிந்திருப்பதன்று. வேரின் மேற்பரப்புக்கும் எலும்புக் குழியின் சுவருக்கும் இடையே, ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறையக் கால் பங்கே உள்ள இடைவெளியில், எண்ணற்ற நுண்ணிய நார்கள் குறுக்கும் நெடுக்குமாக ஓடிப் பல்லை அந்தக் குழிக்குள் தொங்கவிட்டு நிறுத்தியிருக்கின்றன. சோற்றில் கிடக்கும் சிறு கல்லைக் கடித்த கணத்திலேயே நம் தாடை தானாக நின்றுவிடுவதற்கு, அந்த நார்களிடையே உள்ள நரம்புகள் அழுத்தத்தை உடனே உணர்த்துவது ஒரு முக்கியக் காரணம். பல்லும் ஈறும் சந்திக்கும் விளிம்பில், பல்லைச் சுற்றி ஒரு சிறு பள்ளம் உண்டு. ஆரோக்கியமான வாயில் அதன் ஆழம் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரைதான். நாம் பேசப் போகும் விஷயம் முழுவதும் இந்தச் சிறு பள்ளத்திலேயே நடக்கிறது.

பற்களின் இடுக்கில் படியும் வெண்மையான பொருளை முதன்முதலாகப் பூதக்கண்ணாடியின்கீழ் வைத்து உலகுக்கு எடுத்துச் சொன்னவர் ஹாலந்து தேசத்தில் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரியான அந்தோனி வான் லேவன்ஹூக். தாமே தேய்த்துச் செய்த கண்ணாடி வில்லைகளின் வழியாகக் கண்ணில் பட்டதையெல்லாம் ஆராய்ந்த அந்த மனிதர், 1683ஆம் ஆண்டில் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் தம் வாயைப் பற்றியே விவரித்தார். நாள்தோறும் காலையில் உப்பால் பல் தேய்த்து, நீரால் கொப்பளித்து, உணவுக்குப் பின் இடுக்குகளைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்யும் வழக்கமுடைய அவருக்கு, தம் வயதில் இத்தனை சுத்தமான பல் உடையவர் அதிகம் இல்லை என்ற திருப்தியும் இருந்தது. அப்படியிருந்தும் பற்களுக்கிடையே எஞ்சியிருந்த அந்த வெண்பொருளை எடுத்து நீரில் கலந்து நோக்கியபோது, கணக்கிட முடியாத நுண்ணுயிர்கள் அதில் துடிதுடித்து ஓடுவதைக் கண்டார். வாழ்நாளில் பல்லே துலக்கியிராத ஒரு முதியவரின் வாயில் அவை அதைவிடப் பன்மடங்காக இருந்தன.

இன்று மனிதரின் வாயில் வாழும் கிருமி வகைகள் 700க்கு மேல் என்று அறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். பல் துலக்கி முடித்த சில நிமிஷங்களுக்குள்ளேயே உமிழ்நீரிலுள்ள புரதங்கள் எனாமலின்மேல் மெல்லியதொரு பூச்சாகப் படிகின்றன. அதைப் பற்றிக்கொண்டு முதல் கிருமிகள் வந்து சேர, அவற்றைப் பற்றிக்கொண்டு அடுத்த வகையினவும் வந்து சேர, எல்லாமாகத் தாமே சுரக்கும் பசைப்பொருளுக்குள் அடுக்கடுக்காகக் குடியேறிவிடுகின்றன. வெறும் நீரால் எத்தனை முறை கொப்பளித்தாலும் இந்தப் படலம் போகாது, தேய்த்தால்தான் போகும். தேய்க்காமல் சில நாள் விட்டால், உமிழ்நீரிலுள்ள சுண்ணாம்புச் சத்து அதற்குள் இறங்கி, வெந்நீர் அண்டாவின் அடியில் உப்புப் படிந்து இறுகுவதைப்போல, அதைக் கல்லாக்கிவிடுகிறது. இதையே காரை என்கிறோம். நாவின் நுனியால் கீழ் முன்பற்களின் பின்புறத்தைத் தடவிப் பார்த்தால் பலருக்கு அங்கே சொரசொரப்பாக ஒரு மேடு தட்டுப்படும். நாவின் அடியில் உமிழ்நீர்க் குழாய்கள் வந்து திறக்கும் இடம் அதற்கு மிக அருகில் இருப்பதே அதன் காரணம். கன்னத்து உமிழ்நீர்ச் சுரப்பியின் வாய்க்கு எதிரே இருக்கும் மேல் கடைவாய்ப் பற்களின் வெளிப்புறத்திலும் அவ்வாறே. இறுகிய காரையை எந்தப் பிரஷ்ஷாலும் பற்பொடியாலும் அகற்ற முடியாது. அதன் கரடுமுரடான மேற்பரப்போ புதிய கிருமிகளுக்கு மேலும் மேலும் இடங்கொடுத்துக்கொண்டே போகும்.

ஈறுகளோரத்தில் தங்கும் இந்தப் படலந்தான் வீக்கத்துக்கும் இரத்தக் கசிவுக்கும் காரணமா, அல்லது வேறு காரணங்கள் உண்டா என்ற விவாதத்துக்கு 1965ஆம் ஆண்டில் ஒரு தெளிவான விடை கிடைத்தது. டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரிலிருந்த பல் மருத்துவக் கல்லூரியில், நார்வே தேசத்தவரான ஹரால்ட் லோ என்ற அறிஞரும் அவருடைய சகாக்களும் நடத்திய பரீட்சை அது. ஆரோக்கியமான ஈறுகளை உடைய 12 பேர் பல் துலக்குவதை அறவே நிறுத்திக்கொண்டார்கள். 10 நாள் முதல் 21 நாளுக்குள் அத்தனை பேருக்கும், ஒருவர்கூட விலக்கின்றி, ஈறுகள் சிவந்து வீங்கின. மீண்டும் கிரமமாகத் துலக்கத் தொடங்கியதும் ஏறக்குறைய ஒரு வாரத்தில் ஈறுகள் பழைய நிலைக்குத் திரும்பின. மருந்து எதுவும் தரப்படவில்லை; அழுக்கை அகற்றியதே சிகிச்சையாயிற்று. ஆகவே இரத்தம் வருகிறதே என்று ஓரிடத்தைத் துலக்காமல் விடுபவர், எது மருந்தோ அதையே நிறுத்திக்கொள்கிறார்.

மூன்று வாரம் துலக்காவிட்டால் வருவது இது. வாழ்நாள் முழுவதும் துலக்காவிட்டால் வருவது என்ன? இந்தக் கேள்விக்கு விடை தேடித்தான் லோவும் அவருடைய குழுவினரும் 1970ஆம் ஆண்டில் இலங்கையின் மலைநாட்டுக்கு வந்தார்கள். டன்சினன், ஹரோ என்னும் தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண்களை அவர்கள் தெரிந்தெடுத்தார்கள். 14 வயதுச் சிறுவர் முதல் 31 வயது வாலிபர் வரை அடங்கிய அந்தக் கூட்டம் முழுவதும் தமிழர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து காப்பித் தோட்டங்களுக்கும் பின்னர் தேயிலைத் தோட்டங்களுக்கும் கொண்டுசெல்லப்பட்டவர்களின் சந்ததியார். பல் நோயைத் தடுக்கும் திட்டம் எதுவும் அவர்களை எட்டியதில்லை. பிரஷ் கொண்டு துலக்கும் வழக்கமும் அவர்களிடம் இல்லை. 1985 வரை பதினைந்து ஆண்டுகள் அவர்களுடைய ஒவ்வொரு பல்லையும், அதைத் தாங்கும் பிடிப்பு எத்தனை மில்லிமீட்டர் குறைந்திருக்கிறது என்பதையும், அறிஞர்கள் திரும்பத் திரும்ப வந்து அளந்தார்கள். பல் மருத்துவ வசதி இளமை முதலே கிடைத்துவந்த ஆஸ்லோ நகரத்து மாணவர்களும் ஆசிரியர்களும் அடங்கிய மற்றொரு கூட்டத்தையும் அதே முறையில் அளந்தார்கள்.

அளவுகள் சொன்ன செய்தி ஐயத்துக்கு இடமற்றது. 40 வயதை நெருங்கும் நார்வேயினர் சராசரியாக இழந்திருந்த பிடிப்பு ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல். அதே வயதுடைய தோட்டத் தொழிலாளி இழந்திருந்ததோ நாலரை மில்லிமீட்டர். ஆயினும் 1986இல் வெளியான ஆராய்ச்சியுரையில் இதைவிட விசேஷமான உண்மை ஒன்று இருந்தது. எல்லாரும் ஒரே வகையான உணவை உண்டு, லயங்கள் எனப்படும் ஒரே வகையான வரிசை வீடுகளில் வாழ்ந்து, ஒரே அளவு காரையைப் பற்களில் சுமந்தவர்கள். ஏறக்குறைய எல்லாருக்கும் ஈறு வீக்கம் இருந்தது. அப்படியிருந்தும் அவர்களுள் நூற்றுக்கு 11 பேருக்கு நோய் வீக்கத்தோடு நின்றுவிட்டது. எலும்பு கரையவில்லை, பல்லும் விழவில்லை. நூற்றுக்கு 81 பேருக்குக் கேடு மிதமான வேகத்தில் முன்னேறி, 45 வயதுக்குள் சராசரியாக 7 பற்களைக் கொண்டுபோயிற்று. மீதி 8 பேரின் கதி பரிதாபத்துக்குரியது: 20 வயதிலேயே பற்கள் விழத் தொடங்கி, 35 வயதில் 12 பற்களும் 40 வயதில் 20 பற்களும் போய், 45 வயதில் வாய் முற்றும் பொக்கையாகிவிட்டது.

ஒரே அழுக்கு, ஒரே அலட்சியம். விளைவு மட்டும் ஏன் இப்படி வேறுபட வேண்டும்? எலும்பைக் கரைக்கும் காரியத்தில் கிருமிகளுக்கு உள்ள பங்கைவிட, அவற்றை எதிர்க்க எழும் நம் சரீரத்தின் சொந்த வேகத்துக்கு உள்ள பங்கு பெரிது என்பதே விடை. ஈறுப் பள்ளத்தில் கிருமிகள் பெருகியதும் இரத்தத்திலிருந்து வெள்ளணுக்கள் அங்கே திரள்கின்றன. அவை வெளியிடும் இரசாயனப் பொருள்கள் கிருமிகளோடு பல்லின் நார்களையும் சிதைக்கின்றன. எலும்பைத் தின்னும் அணுக்களையும் தூண்டிவிடுகின்றன. பள்ளம் 4, 5, 6 மில்லிமீட்டர் என்று ஆழமாகி, பிரஷ் எட்டாத அந்த ஆழத்தில், பிராணவாயு இல்லாமலே வாழவல்ல கொடிய கிருமிகள் நிலைகொண்டுவிடுகின்றன. இந்த எதிர்ப்பின் வேகம் ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. நாம் அந்த 8 பேரில் ஒருவரா, 11 பேரில் ஒருவரா என்பது நம் முகத்தில் எழுதியிருக்கவில்லை. ‘எங்கள் பாட்டனார் பல் துலக்காமலே எண்பது வயது வரை கரும்பு தின்றார்’ என்று சொல்லிக் கொள்பவர்கள், தம் பாட்டனார் அந்த 11 பேரில் ஒருவராக இருந்திருக்கக்கூடும் என்பதையும், அந்தப் பாக்கியம் தமக்கும் வாய்த்திருக்கிறது என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆராய்ச்சி தொடங்கி 40 ஆண்டுகளுக்குப் பின், 2010ஆம் ஆண்டில் மீண்டும் தேடிச் சென்றபோது, அந்த 480 பேரில் 75 பேரைப் பரிசோதிக்க முடிந்தது. உலகெங்கும் பல் மருத்துவம் பயிலும் மாணவர் இன்று ஈறு நோயின் இயற்கையான போக்கைக் கற்பது இந்தத் தமிழரின் வாயை அளந்து எழுதிய அட்டவணைகளைக் கொண்டே. அவர்களுடைய பெயரோ எந்தப் பாடநூலிலும் இல்லை. மலைச்சரிவில் தேயிலைக்கு உழைத்து, பல்லையும் அறிவுலகுக்குக் கொடுத்த அந்த மக்களுடைய பேரப்பிள்ளைகளுக்கேனும், இன்னும் தோட்டத்து லயங்களில் வாழ்பவர்களுக்கேனும், ஆண்டுக்கு ஒருமுறை காரை நீக்கும் வசதி தோட்டத்து ஆஸ்பத்திரியிலேயே கிடைக்கச் செய்வது அக்கொடைக்கு நாம் செலுத்த வேண்டிய கடன்.

அந்தத் தொழிலாளரிடம் மற்றொரு விசேஷமும் காணப்பட்டது: பற்களில் அத்தனை அழுக்கு இருந்தும் அவர்களுக்குச் சொத்தை ஏறக்குறைய இல்லை. ஈறு நோயும் சொத்தையும் ஒரே படலத்தில் பிறந்தாலும் வேறு வேறு வழியில் நடப்பவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சொத்தைக்குக் கிருமியோடு சர்க்கரையும் வேண்டும். கிருமிகள் சர்க்கரையைப் புளிக்கவைத்து உண்டாக்கும் அமிலமே பல்லைக் கரைக்கிறது என்பதை, பெர்லினில் ஆராய்ச்சி செய்த வில்லோபி மில்லர் என்ற அமெரிக்கர் 1890இல் வெளியிட்ட நூலில் விரித்துரைத்தார். பல்லைப் பூச்சி அரிக்கிறது என்ற பழைய நம்பிக்கைக்கு அதோடு ஆதாரம் இல்லாமற் போயிற்று. இனிப்பு வாயில் பட்ட சில நிமிஷங்களில் எழும் அமிலம் தணிந்து, உமிழ்நீர் எனாமலுக்கு அதன் தாதுவைத் திருப்பித் தருவதற்கு அரைமணி முதல் ஒருமணி நேரம் ஆகும். சாப்பாட்டோடு ஒரு லட்டு தின்பவரைக் காட்டிலும், மணிக்கொரு தரம் சர்க்கரை போட்ட காப்பியோ தேநீரோ உறிஞ்சுபவரின் பல் அதிகம் நலிவதன் காரணம் இதுவே: அவருடைய உமிழ்நீருக்குப் பழுதுபார்க்கும் அவகாசமே கிடைப்பதில்லை. உறங்கும்போது உமிழ்நீர் மிகவும் குறைந்துவிடுவதால், பால்புட்டியை வாயில் வைத்தபடியே உறங்கும் குழந்தையின் மேல் முன்பற்கள் கருகிப்போவதும் இதே காரணத்தால்தான். ஃபுளூரைடு கலந்த பற்பசை எனாமலை அமிலத்துக்கு ஈடுகொடுக்கச் செய்யும் என்பது நன்றாக நிரூபிக்கப்பட்ட உண்மை. குடிநீரிலேயே அந்தச் சத்து மிகுந்து பற்களில் பழுப்புக் கறை உண்டாக்கும் தருமபுரி, கிருஷ்ணகிரி முதலிய மாவட்டத்தார் மட்டும், சிறு குழந்தைகளுக்கு எவ்வளவு பசை என்பதை மருத்துவரைக் கேட்டுத் தீர்மானிப்பது நலம்.

இனித் துலக்கும் முறை. நம்மில் பலர் பல் துலக்குவது என்றால் வெளியே தெரியும் வெண்மையை மினுக்குவது என்றே நினைத்து, முன்பற்களைக் குறுக்கே பலமாக இழுத்துத் தேய்க்கிறார்கள். அதனால் ஈறு கீழிறங்கி வேர் தேய்கிறதே அன்றி, பள்ளத்தின் அழுக்கு போவதில்லை. அமெரிக்காவில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்து வைத்தியரான சார்ல்ஸ் பாஸ் வகுத்த முறையே இன்றும் சிறந்தது: மிருதுவான பிரஷ்ஷின் மயிர்களைப் பல்லும் ஈறும் சேரும் கோட்டில், வேரை நோக்கிச் சாய்வாக, ஏறக்குறைய 45 பாகைச் சாய்வில் வைத்து, அவற்றின் நுனி பள்ளத்துக்குள் நுழையும்படி மெல்ல அழுத்தி, இடத்தை விட்டு நகர்த்தாமல் சிறு அசைவுகளாக அசைத்து, பிறகு அடுத்த இரண்டு பற்களுக்குச் செல்ல வேண்டும். நாவுப் புறத்தையும் இவ்வாறே செய்தால் வாய் முழுவதற்கும் இரண்டு நிமிஷத்துக்குக் குறையாது. இரு பற்களுக்கிடையே பிரஷ் எட்டாது என்பது லேவன்ஹூக் காலத்திலேயே தெரிந்த செய்தி. அங்கே இதற்கென விற்கும் மெல்லிய நூலோ, இடுக்கில் நுழையும் சிறு பிரஷ்ஷோதான் வேலை செய்யும். இரவு படுக்குமுன் துலக்குவது காலையில் துலக்குவதைவிட முக்கியமானது. வேப்பங்குச்சியும் ஆலங்குச்சியும் நுனி மெல்லியதாகக் கடிக்கப்பட்டால் முன்புறத்தை நன்றாகவே சுத்தம் செய்யும். கடைவாயின் உட்புறத்தை எட்டாமையே அவற்றின் குறை. செங்கல் பொடியும் கரித்தூளும் எனாமலையே தேய்த்துவிடுமாதலால் அவற்றை விட்டொழிப்பதே நல்லது.

காரை நீக்கிக்கொள்ளுங்கள் என்று மருத்துவர் சொன்னால், ‘கிளீன் பண்ணினால் பல் ஆடும், சந்து விழும்’ என்று மறுப்பவர்கள் படித்தவர்களிலும் உண்டு. காரை நீக்கியபின் இடைவெளி தெரிவது மெய்தான். கரைந்துபோன ஈறும் எலும்பும் இருந்த இடத்தைக் காரை அடைத்துக்கொண்டிருந்தது. அதை எடுத்ததும் ஏற்கெனவே நேர்ந்திருந்த நஷ்டம் கண்ணுக்குத் தெரிகிறது. காரையின் பலத்தில் நின்ற பல் அதை எடுத்ததும் சற்று ஆடுவதும் உண்டு. வீக்கம் வற்றி ஈறு இறுகும்போது அந்த ஆட்டம் பெரும்பாலும் குறையும். மேல் பல்லைப் பிடுங்கினால் கண் பார்வை போகும் என்ற அச்சத்துக்கோ எவ்வித ஆதாரமும் இல்லை.

சிலர் மற்றவர்களைவிட அதிக ஜாக்கிரதையோடிருக்க வேண்டும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஈறு நோய் விரைந்து முற்றுகிறது. முற்றிய ஈறு நோயோ இரத்தத்தில் சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பதைக் கடினமாக்குகிறது. கர்ப்பிணிகளுக்கு ஈறுகள் எளிதில் வீங்கும். புகைபிடிப்பவர்களின் நிலை மிகவும் அபாயகரமானது. புகை ஈறுகளின் இரத்த ஓட்டத்தைச் சுருக்கிவிடுவதால், உள்ளே எலும்பு கரைந்துகொண்டிருக்கும்போதும் இரத்தக் கசிவு என்ற எச்சரிக்கை அவர்களுக்குக் கிடைக்காமற்போகலாம். வெற்றிலையோடு பாக்கும் புகையிலையும் மெல்லுபவர்களுக்கு ஈறுகளைக் கடந்து புற்றுநோய் அபாயமும் உண்டு.

வாய்நாற்றத்துக்கு அஞ்சி அவையில் ஒதுங்கி உட்காருபவர்களும், சிரிப்பு வந்தால் கையால் வாயை மூடிக்கொள்பவர்களும் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! வாசனைப் பாக்கும் மணமுள்ள மருந்து நீரும் அவர்களுக்கு ஒருமணி நேர உபகாரமே செய்யும். நாற்றத்தின் ஊற்று பெரும்பாலும் நாவின் பின்பகுதியிலும் ஈறுப் பள்ளங்களிலும் கிருமிகள் உண்டாக்கும் கந்தக வாயுக்களில் இருக்கிறது. அவர்கள் வெட்கப்பட்டு ஒதுங்குவதை விட்டு ஒரு பல் மருத்துவரிடம் சென்று, ஈறுப் பள்ளங்களை அளந்து சொல்லும்படி கேட்க வேண்டும். மில்லிமீட்டர் கோடுகள் பொறித்த மெல்லிய கம்பி ஒன்றினால் ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஆறு இடங்களில் அவர் அளப்பார். 3 வரை சொன்னால் கவலையில்லை. 5, 6 என்று சொன்னால், எந்தப் பல்லில், எந்தப் பக்கத்தில் என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, அந்த இடத்தை ஆழமாகச் சுத்தம் செய்துகொண்டு, மூன்று மாதத்தில் திரும்ப அளந்து பார்க்க வேண்டும்.

நாளைக் காலையில் இரத்தம் வருமானால் அந்த இடத்தையே தேர்ந்து, மிருதுவான பிரஷ்ஷால், பொறுமையாக, இரு வேளையும் துலக்கி வாருங்கள். முதல் நாலைந்து நாள் இரத்தம் வரத்தான் செய்யும். பத்து நாளில் நிற்காவிட்டால், அங்கே பிரஷ்ஷுக்கு எட்டாத காரை இருக்கிறது என்று கொண்டு, வலி வரும்வரை காத்திராமல் மருத்துவரிடம் போங்கள்.